கேசட்டின் அடியொலி

கீழக்கரையில் அந்த வாரம் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது, ஒரு அண்ணனும் தம்பியும் நடுத்தெருவில் கைகலந்தார்கள், பள்ளிவாசல் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் யாரோடும் பேசுவதையே விட்டுவிட்டார். எல்லாம் பழைய கேசட்டுகளால் வந்த வினை. கேசட் என்ன செய்யும் பாவம்? பரணில் சும்மா கிடந்ததை எடுத்து வீட்டுக் கணினியில் ஏற்றியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும் அந்த அடியொலி வாசிப்பான். கேசட்டில் ஒருமுறை பேசியதன்மேல் மறுபடி பேசினால் பழைய குரல் அழிந்துவிடும் என்றுதான் உலகம் நம்பியிருந்தது. அழியவில்லை. நாடாவின் காந்தத் தூளில், ஓரங்களில், அது ஒட்டிக்கொண்டே இருந்தது. வாசிப்பான் வெங்காயம் உரிப்பதுபோல மேல்குரலை உரித்துவிட்டு அடிக்குரலைக் கணினியில் ஏற்றும். ஏற்றும்போதே ஒரு பிரதி அரசாங்க ஒலிப்பேழைக்கும் போய்விடும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெட்டி ஒட்டி ஒருவரும் ஏமாற்றக் கூடாதாம். அந்த விதி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள், வாசிப்பானைக் கண்டுபிடித்த ராவியாவேதான்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குரல். அவள் சிறுமியாக இருந்தபோது வாப்பா காதர் மீரானுக்குத் துபாயில் வேலை. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் வரும். உம்மா ஜொகரா கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். அதன்மேலேயே பதில் பேசி, துபாய்க்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். வாப்பாவும் அதன்மேலேயே பேசுவார். கடைசிக் கேசட் திரும்பிப் போவதற்குள் அவர் அங்கேயே மவுத்தாகிவிட்டார். வீட்டில் மிஞ்சியது உம்மாவின் பதில் மட்டும்: “நீங்க சொன்னபடியே ராவியாவை எம்புட்டு வேணுமோ அம்புட்டுப் படிக்க வைக்கிறேன்.”

இறந்தவர் வார்த்தை ஆயிற்றே! பெரிய மனுஷியான பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று குதித்த சொந்தமெல்லாம் அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டது. ராவியா படித்தாள், வெளியூர் போனாள், இயற்பியலில் பெரிய பட்டம் வாங்கினாள். அந்த வார்த்தையை வாப்பாவின் வாயாலேயே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

உம்மா இத்தனை நாளும் சாக்குச் சொல்லித் தராமலிருந்த அந்தக் கடைசிக் கேசட்டை வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் ராவியா செருகினாள். வாப்பாவின் அக்கா சுபைதா மாமி, தம்பி குரலைக் கேட்கப் போகிறோம் என்று கணினிக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

“வேணாம் ராவியா. அவுக குரல் எனக்கு ஞாபகம் இருக்கு, அது போதும்,” என்றாள் உம்மா. காலையிலிருந்து இதே பாட்டுத்தான்.

“எனக்கு ஞாபகம் இல்லையே உம்மா.”

ராவியா விசையைத் தட்டினாள். இரைச்சல், ஒரு இருமல். பிறகு பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக வாப்பா.

“ஜொகரா, நல்லாருக்கியா? ராவியா பெரிய மனுஷியாயிட்டான்னு சொல்லியிருந்தே. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிடு. நான் பெருநாளைக்கு வந்ததும் அக்கா மவனுக்கே முடிச்சிடுவோம். இதுல மாத்தமில்ல. அவளுக்கு ஒரு பொம்மை வாங்கி வச்சிருக்கேன், கண்ணை மூடித் திறக்குது…”

“யா அல்லாஹ்!” என்று அலறியது மாமிதான். ராவியா விசையைத் தட்டி நிறுத்தவில்லை. வாப்பா பொம்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“எந் தம்பி சொன்னதை மறைச்சுப்பிட்டியேடி பாவி! மவுத்தானவன் வாயில பொய்யத் திணிச்சியே! இனி இந்த வாசல்ல காலு வச்சா ஏன்னு கேளு!” மாமி துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தே போய்விட்டாள்.

“உம்மா… நெசமா?”

“சொந்தக்காரவுக காதுல விழட்டும்னுதான் அப்படிப் பேசி அழிச்சேன், உன் வாப்பா வந்ததும் காலைப் பிடிச்சோ சண்டை போட்டோ சரிக்கட்டிக்கலாம்னு. அவுக வரலையே. பொறவு உண்மையைச் சொன்னா உன்னை மறுநாளே கட்டிக் குடுத்திருப்பாக. உனக்கு அப்ப பதிமூணு வயசு.” உம்மா கேசட்டைக் காட்டினாள். “போனது போகட்டும். திரும்ப அதுமேல ஏதாச்சும் பேசி அழிச்சிடு ராவியா. ஊரு கேக்குறதுக்குள்ள.”

“அழியாது உம்மா.”

“ரெண்டு தடவை பேசு. பத்துத் தடவை பேசு.”

“எத்தனை தடவை பேசினாலும் வாசிப்பான் உரிச்சு எடுத்துடும். பேழைக்கும் போயிடுச்சு.”

“நீ செஞ்ச பெட்டிதானே இது? உன் பேச்சைக் கூடவா கேக்காது?”

எங்கேயோ ஒரு வீட்டில் இன்றைக்கும் ஒரு உம்மா எதையோ அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள் என்று ராவியாவுக்குத் தோன்றியது.

கணினித் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஒவ்வொரு கேசட்டும் முடிந்தபின் எல்லா வீட்டிலும் வருகிற வரி. ராவியாவே உட்கார்ந்து யோசித்து எழுதியது: ‘உண்மையை இனி ஒருவராலும் அழிக்க முடியாது.’

உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். “அழிக்கிறதுக்கு வழி சொல்லுதோ என்னமோ. படிச்சுச் சொல்லேன் ராவியா.”

அந்த ஒரு வரியைப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை.