அந்தப் பாப்பா எங்கே நிற்கிறாள்?

"மரத்துக்குப் பின்னாடி எட்டிப் பாக்குற பாப்பா கொள்ளை அழகுக்கா" என்று படத்துக்குக் கீழே முதல் ஆள் எழுதியிருந்தான். படத்தை வரைந்தவளோ அதில் எந்தப் பாப்பாவையும் வரையவில்லை.

வரைந்தது காடு மட்டும்தான். எந்த ஊரிலும் இல்லாத காடு. நீல நிற மரங்கள், இருட்டில் மினுங்கும் பாசி, தரையே தெரியாமல் பனி. சம்பளத்துக்குப் பிஸ்கட் டப்பாவும் சோப்பு உறையும் வரைந்து அலுத்துப்போய், தனக்கே தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து வரைந்து, காலையில்தான் நெட்டில் போட்டிருந்தாள். எழுதினவன் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் 'பொழுதுபோகாதவன்'. பேருக்கேத்த வேலை என்று சிரித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் ஆளாளுக்கு அதையே எழுதினார்கள். மஞ்சள் கவுன். கழுத்துப் பட்டன் ஒன்று இல்லை. தலை கலைந்திருக்கிறது. "அழுற மாதிரியே இருக்கு, எப்படி மேடம் வரைஞ்சீங்க?" என்று ஒருத்தி உருகியிருந்தாள். அவள் படத்தைப் பெரிதாக்கி மரம் மரமாகத் தேடினாள். அவள் பிரஷ் இழுத்த கோடுகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

உள்ளறையில் அவளுடைய மகள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுனில். கழுத்துப் பட்டன் போன வாரமே அறுந்திருந்தது. தைக்கணும் தைக்கணும் என்று இவள்தான் தள்ளிப்போட்டிருந்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"பாத்தேன்மா, நம்ம பாப்பாவ அப்படியே வரைஞ்சிருக்கே" என்றான் அவன். "ஆனா பின்னாடி நெட்டையா ஒண்ணு நிக்குதே, அது எதுக்கு? பாக்கவே நல்லால்ல. சரி, மருந்து வாங்கிட்டேன், கிளம்பிட்டேன்."

அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

சாயங்கால வெயில் ஜன்னல் கண்ணாடியில் மங்கிக்கொண்டு வர, பிரிட்ஜ் உறுமி அடங்க, மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் மகளின் மூச்சு இழுத்து இழுத்து வருவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவளுக்கு, எல்லா ஜன்னலும் சாத்தியிருந்த அந்த வீட்டில் ஈரமண்ணும் அழுகின இலையும் கலந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று புரியவே இல்லை. எழுந்து போய் மகளின் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. பாதத்தைத் தொட்டாள். பனிக்கட்டி. விரலிடுக்கில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அம்மா, வழி தெரியல" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

திரும்பி ஓடி வந்தாள். படத்துக்குக் கீழே கூட்டம் மொய்த்திருந்தது. அந்த நெட்டை நகருகிறதாம். காலையில் தூரத்தில் இருந்ததாம், இப்போது கையெட்டும் தூரமாம். "செம திகில்! பாப்பாவப் பிடிக்கட்டும், அப்பத்தான் மஜா" என்று ஒருத்தன் எழுத, அதற்கு இதயம் இதயமாகக் குவிந்திருந்தது. படுபாவிகளா! படத்தையே அழித்துவிடலாமா? அழித்து, குழந்தையும் அதோடு போய்விட்டால்?

வழிதானே தெரியவில்லை. வழி போட்டால் வந்துவிடுவாள். வரைகிறவளுக்கு அதுகூடவா முடியாது?

எல்லோரும் பார்க்கும்படி லைவில் போனாள். "என் கண்ணுக்குத் தெரியல. அது என் பொண்ணு. அவ எங்க நிக்கிறான்னு சொல்லுங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. "ஆக்டிங் சூப்பர்." "இடது பக்கம்." "இல்ல, நடுவுல." ஒவ்வொருத்தனும் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அதற்கு நடுவில் பொழுதுபோகாதவன் மட்டும் பொறுமையாக எழுதினான்: "அக்கா, பதறாதீங்க. வலது பக்கம் ஒரு மரம் விழுந்து கிடக்கு பாருங்க. அதுக்கு இந்தப் பக்கம் நிக்கிறா. உங்களையேதான் பாக்குறா."

நம்பினாள். விழுந்த மரத்தடியிலிருந்து பனியை விலக்கி, வெளிச்சமாக ஒரு பாதையைப் படத்தின் கீழ் விளிம்பு வரைக்கும், தன் மடி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாடி தங்கம்" என்றாள். "ஓடி வா."

பிறகு ஒருத்தி எழுதினாள்: "ஐயோ மேடம், அங்க நிக்கிறது அது!"

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்கா" என்றான் பொழுதுபோகாதவன். "சீரியஸா எடுத்துக்கிட்டீங்களா? ஹிஹி."

"அது நடந்து வருது."

"அய்யய்யோ, பாப்பாவும் பின்னாடியே ஓடி வர்றா!"

அவளுக்கு அந்தக் கடைசி வரி கண்ணில் படவில்லை. நாள் முழுக்கக் கை பழகின பழக்கம். தப்பாகப் போன கோட்டை அழிக்கிற பொத்தான். அழுத்தினாள்.

பாதை மறைந்தது.

"என்னக்கா பண்ணிட்டீங்க? அது படத்த விட்டு வெளிய போயிடுச்சு. பாப்பா பாதி வழியில வந்துட்டிருந்தா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூச்சிழுக்கும் சத்தம் இல்லை. உள்ளறையில் கட்டில் முனகியது. தரையில் ஈரக் காலடி. மெதுவாக. இன்னொன்று.

திரும்ப முடியவில்லை. திரையைப் பார்த்தாள்.

இப்போது தெரிந்தது.

பனிக்குள்ளிருந்து வந்த மகள் திரைக் கண்ணாடியின் அந்தப் பக்கம் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் தட்டினாள். வாய் அகலத் திறந்து 'அம்மா' என்றது. சத்தம் வரவில்லை. கீழேயிருந்து இதயங்கள் சிவப்பு சிவப்பாகக் கிளம்பி மகளின் முகத்தின் மேலேயே மிதந்து போயின.

"அம்மா, காய்ச்சல் போயிடுச்சு" என்றது மகளின் குரல், பின்னாலிருந்து.

அவள் கழுத்தை இரண்டு கைகள் செல்லமாகச் சுற்றின. மஞ்சள் கவுன் முதுகில் ஈரமாக உரசியது. அவள் உச்சந்தலையில் கன்னம் வைக்க, அது ரொம்ப தூரம் குனிய வேண்டியிருந்தது.