அளவுக்கு ஓர் ஆள்

படத்தில் அவள் வரையாத ஓர் ஆள் நின்றிருந்தான்.

அறைகளின் வடிவமைப்பை ஆராய்பவள் அவள். ஓவியர்கள், கட்டடம் வரைபவர்கள், நாற்காலி செய்பவர்கள் என்று முகமறியாத பலர் இணையத்தில் கூடி, ஒரே படத்தின் மேல் கோடு போட்டு, குறிப்பெழுதி, ஓயாமல் வாதாடும் மன்றம் ஒன்றை நடத்திவந்தாள். இந்த வாரம் வேறு படம் சிக்காததால், சோம்பல்பட்டுத் தன் வீட்டையே சுவரை வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி வரைந்து போட்டுவிட்டாள். அந்த ஆள் மகளின் அறையில், கட்டிலுக்கு எதிர் மூலையில் நின்றான். அறையின் அளவு புரிய இப்படி ஓர் ஆளை நிறுத்துவது தொழில் வழக்கம்தான். ஆனால் இவனுக்குக் கூரை இடித்தது, கழுத்தை மடக்கியிருந்தான்.

மன்றத்தில் மூத்தவரான நாற்காலிக்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"யார் சார் அந்த ஆளைப் போட்டது?"

"நீங்கதான்னு நெனச்சோம் மேடம். எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்களே, பாக்கலையா?"

"எடுத்துடலாமே?"

"அழிக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது யாராம்?" என்று சிரித்தார்.

அவளேதான். எப்போதோ யாரோ தன் கோட்டை அழித்த கோபத்தில், போட்டதை எவரும், அவளும்கூட, நீக்க முடியாதபடி மன்றத்தைப் பூட்டச் சொல்லியிருந்தாள். சேர்க்க மட்டும்தான் முடியும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டு, மாலை வெளிச்சம் ஈரத்துணி மாதிரி ஜன்னலில் தொங்க, காய்ச்சலோடு மகள் தூங்கும் அறையிலிருந்து மருந்தின் இனிப்பு வாடையும், அதற்கடியில் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடையும் வந்தன. கூரையை எதுவோ மெல்ல உரசிக்கொண்டு நகர்ந்தது. வீட்டில் அவர்கள் இருவர்தான். 'இன்னும் நெருங்கினால் அறையின் இறுக்கம் புரியும்' என்று படத்தின் கீழ் ஓர் ஓவியர் புதிதாக எழுதியிருந்தார். படத்தில் முதல் ஆள் அங்கேயே நிற்க, கட்டிலருகே இன்னொருவன் வந்திருந்தான். குனிந்திருந்தான்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளிருந்து எதுவோ கனமாகச் சாய்ந்திருந்தது.

"கண்ணு! அம்மாடா! எழுந்திரு!"

கணினிக்குத் திரும்ப ஓடி வந்தாள். நீக்க முடியாது. சேர்க்கலாம். அவர்களுக்கும் கட்டிலுக்கும் நடுவே, தரையிலிருந்து கூரைவரை, ஒரு சுவர் வரைந்தாள்.

உரசல் நின்றது.

இப்போது கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. கட்டிலும் இல்லை. எதிரே புதுச் சுவர். ஈரச் சாந்து வாடை. தடவினாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவினாள். கதவு இல்லை. வரையவில்லை. இத்தனை வருடம் அறைகளை ஆராய்ந்தவள், வழி வைக்க மறந்துவிட்டாள்.

கதவு. ஒரு கதவு போட்டால் போதும். கணினிக்கு ஓடினாள்.

'அருமையான சுவர். அந்தப் பக்கத்துக்கும் அளவுக்கு ஓர் ஆள் வேண்டுமே' என்று யாரோ எழுதியிருந்தார்கள். படத்தில், கட்டிலின் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கொண்டை. அவளுடைய கண்ணாடி. அளவு கச்சிதமாக இருந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து மகளின் தூக்கக் குரல் கேட்டது.

"எப்பம்மா உள்ள வந்தே? ஏம்மா உன் கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஒண்ணுமில்லடா கண்ணு, தூங்கு" என்றது, அவளுடைய குரல்.