மழை எழுதும் பேனா

அப்பா ஐந்து மணிக்கு எழுந்தார். அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலில் தண்ணீர் வைத்தார். ரொட்டிக்கு மா பிசைந்தார். கேத்ரினுக்கு இரண்டு ரொட்டி, அவருக்கு இரண்டு. முன்பெல்லாம் ஆறு சுடுவார்கள்.

ஆறரைக்கு கேத்ரின் பின்கதவைத் திறந்து வெளியே போனாள். முற்றத்தின் நடுவில் மழைமானி நின்றது. அது ஒரு தகர உருளை. உள்ளே ஒரு போத்தல் இருக்கும். போத்தலில் சேர்ந்த தண்ணீரை அவள் அளவுக் கண்ணாடியில் ஊற்றினாள். குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

"பதினோரு மில்லிமீட்டர்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"ம்," என்றார் அப்பா.

அவள் மேசையில் இருந்த நீல அட்டைக் கொப்பியைத் திறந்து திகதியை எழுதினாள். பதினொன்று என்று எழுதினாள். அதன் பக்கத்தில் 'மழை' என்று எழுதினாள். பிறகு மேலே இருந்த வரிகளைப் பார்த்தாள். நேற்று முப்பத்து நான்கு. முந்தாநாள் இரண்டு. ஆனால் மூன்று நாள் மழையும் ஒரே தடிப்பில் இருந்தது.

"அசிங்கமா இருக்கு," என்றாள்.

கொப்பி அம்மாவுடையது. தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அம்மா புவியியல் படிப்பித்தார். அப்பா கணக்குப் படிப்பிக்கிறார். லிந்துலைக்குப் பக்கத்தில், பாடசாலைக் குவாட்டர்ஸில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் மழையை அளந்து கொப்பியில் ஒரு வரி எழுதுவார்.

அம்மாவின் மைப்பேனாவில் நிப்பு மென்மையானது. அழுத்தினால் அதன் நுனி இரண்டாக விரியும், கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் நுனி மூடிக்கொள்ளும், கோடு தலைமுடி போல மெலியும். தூறல் விழுந்த நாளில் அம்மா 'மழை'யை மெல்லியதாக எழுதுவார். கொட்டித் தீர்த்த நாளில் அழுத்தி எழுதுவார். எண்களைப் படிக்கவே வேண்டாம். பெப்ரவரிப் பக்கங்கள் வெளிறி இருக்கும். ஜூலைப் பக்கங்கள் கறுத்துக் கிடக்கும். சின்ன வயதில் கேத்ரின் அந்தப் பக்கங்களைத் தொட்டுப் பார்ப்பாள், ஈரமாக இருக்கிறதா என்று.

ஜூன் மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா திரும்பி வரவில்லை.

கொப்பி ஜூன் இரண்டாம் திகதியோடு நின்றுவிட்டது. போன திங்கட்கிழமைதான் கேத்ரின் அதை மறுபடி எடுத்தாள். நடுவில் நாற்பத்தெட்டு வரிகளை வெறுமையாக விட்டிருந்தாள்.

"அப்பா, அம்மாவோட பேனா எங்க?"

அப்பா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"அடக்கத்தன்னைக்கு அம்மாவோட பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிட்டேன். அவங்களுக்கு வேணும்னு தோணுச்சு."

கேத்ரின் யோசித்தாள்.

"சரிதான். அவங்களுக்கு வேணும்," என்றாள். "அப்ப எனக்கு வேற ஒண்ணு வாங்கணும். அழுத்தினா விரியிற நிப்பு."

"இந்தப் பேனா போதாதா? எண் சரியா இருந்தாச் சரிதானே?"

"உங்களுக்கு எண் போதும். நீங்க கணக்குப் படிப்பிக்கிற சேர்."

அப்பா ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு. ஹட்டனுக்குப் போவோம்," என்றார்.

கேத்ரின் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் தோட்ட ஆபீஸ் வாசலில் நின்றாள். அங்கே செல்லசாமி மாமா கிளார்க்காக வேலை செய்கிறார். ஆபீஸிலும் ஒரு மழைமானி உண்டு; அங்கே மாலையில் அளப்பார்கள்.

"மாமா, ஜூன் மூணாந் திகதியில இருந்து ஜூலை இருபது வரைக்கும் எவ்வளவு மழைன்னு எழுதித் தருவீங்களா?"

"எதுக்கும்மா? மழை மேல வழக்குப் போடப் போறியா?"

"அம்மாவோட கொப்பியில அந்த நாளெல்லாம் எழுதாமக் கிடக்கு."

செல்லசாமி மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"திரும்பி வரும்போது வாங்கிக்கம்மா," என்றார் மாமா.

பஸ்ஸில் அப்பா சொன்னார், "ஆபீஸ் அரை மைல் தூரத்துல இருக்கு. அங்க பெய்யிற மழையும் நம்ம வீட்டு மழையும் ஒரே அளவா இருக்காது."

"கொஞ்சம் வித்தியாசம் வந்தா அம்மா ஏசமாட்டாங்க. ஒண்ணுமே எழுதலைன்னாதான் ஏசுவாங்க."

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் நாகலெட்சுமி அக்கா இருந்தார். கடை அவருடையது. கேத்ரின் கேட்டதும் கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டை இழுத்துத் தூசியை ஊதினார்.

"மைப்பேனாவா? இப்ப கலியாணத்துக்குப் பரிசு குடுக்கத்தான் வாங்குறாங்க. வாங்கினவங்களும் எழுதுறதில்ல, கிடைச்சவங்களும் எழுதுறதில்ல. உங்க வீட்டுல யாருக்குக் கலியாணம்?"

"யாருக்கும் இல்ல அக்கா. நான் தினம் எழுதுறதுக்கு."

முதலில் வெல்வெட் பெட்டிக்குள் இருந்த பேனா வெளியே வந்தது. தங்க நிறம். நாலாயிரத்து எண்ணூறு ரூபா. நாகலெட்சுமி அக்கா அதை மையில் தோய்த்துக் கொடுத்தார். கேத்ரின் கடைத் தாளில் 'மழை' என்று எழுதினாள். அழுத்தி இன்னொரு முறை எழுதினாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"அசையவே மாட்டேங்குது," என்றாள்.

"பாரமா, நல்ல பேனாவா இருக்கு," என்றார் அப்பா. "அம்மாவோட கொப்பிக்கு எழுதுறது. விலை பார்க்க வேணாம். இதையே எடுத்துக்க."

"இதுல எழுதினா தூறலும் பெருமழையும் ஒண்ணாத்தான் தெரியும். வீட்டுல இருக்கிற போல்பொயின்ட் பேனா மாதிரியே."

அடுத்தது, நுனியைப் பட்டையாக வெட்டிய நிப்பு. அழகெழுத்துக்கு என்று எழுதியிருந்தது. அதில் கோடு கீழே இறங்கும்போது தடித்தது, பக்கவாட்டில் மெலிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மெல்ல எழுதினாலும் அப்படித்தான், அழுத்தி எழுதினாலும் அப்படித்தான்.

"இது மழையப் பத்திக் கவலைப்படாத பேனா," என்றாள் கேத்ரின்.

மூன்றாவது நிப்பு ஊசி போல இருந்தது. அழுத்தியதும் நன்றாக விரிந்தது. அப்பாவின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. 'ம' வந்துவிட்டது. 'ழ'வுக்கு முன்னால் வரும் இரட்டைச் சுழியில் நிப்பு மேலே ஏறும்போது தாளைக் கொத்திப் பிடித்தது. பிறகு துள்ளியது. அப்பாவின் சட்டைப் பையில் மூன்று நீலப் புள்ளிகள் விழுந்தன.

"ஒரு மில்லிமீட்டர்," என்றாள் கேத்ரின்.

நாகலெட்சுமி அக்கா சிரித்துவிட்டார். அப்பா சட்டையைக் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் துடைக்கவும் இல்லை.

"இங்கிலீசுக்கு வேணும்னா சரிவரும். நம்ம எழுத்துல இத்தனை சுழி இருக்கே, எப்படி ஓடும்?" என்ற அக்கா தட்டின் மூலையைத் துழாவினார். "இது ஒண்ணு கிடக்கு. பிளாஸ்டிக். இந்தப் பச்சை யாருக்கும் பிடிக்கல. அறுநூத்தம்பதுக்குத் தாறேன்."

பச்சை, பழைய பஸ்ஸின் சீட் நிறம். கேத்ரின் வாங்கி எழுதினாள். முதலில் மெல்ல. கோடு மெலிந்து வந்தது. பிறகு கொஞ்சம் அழுத்தினாள். கோடு தடித்தது. இரட்டைச் சுழியில் நிப்பு தடுக்காமல் சுற்றி வந்தது.

"மூணு மில்லிமீட்டர்," என்றாள். "இது இருபது. இது அம்பது."

"ஆகா. பேனாவுக்குள்ள மேகத்த அடைச்சு வச்சிருக்காங்க போல," என்றார் அக்கா. "கட்டித் தரவா?"

"கொஞ்சம் இருங்க அக்கா."

கேத்ரின் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். கடைசித் தாளில் எழுதிப் பார்த்தாள். லிந்துலையில் எந்தக் கொப்பியும் முழுதாகக் காய்ந்திருப்பதில்லை. கடைத் தாளில் நன்றாக இருந்த மை, கொப்பியில் ஊறிப் பரவிவிடலாம். கொஞ்சம் பரவியது. ஆனால் சுழிகள் அடைபடவில்லை.

"இப்பக் கட்டவா?"

"இன்னும் அரை மணித்தியாலம் இருங்க. ஒரு நாளைக்கு ஒரு வரிதான் எழுதுவேன். மத்த நேரமெல்லாம் பேனா சும்மா கிடக்கும். மை காய்ஞ்சுபோகுதான்னு பார்க்கணும்."

"பொண்ணு பார்க்க வந்தவங்க கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க சேர்," என்றார் நாகலெட்சுமி அக்கா.

"அவங்க அம்மா மாதிரி," என்றார் அப்பா.

காத்திருக்கும்போது அப்பா மறுபடியும் தங்க நிறப் பேனாவை எடுத்துப் பார்த்தார்.

"இது வேணாமா கேத்ரின்? நல்லதா ஒண்ணு வாங்கித் தரணும்னு இருக்கு."

"அப்பா, இது தினம் எழுதுற பேனா. நான் ஸ்கூலுக்கும் கொண்டுபோவேன். எங்கயாவது விழும். தொலைஞ்சும் போகும். தொலைஞ்சா அழாம இன்னொண்ணு வாங்கக்கூடியதா இருக்கணும்."

அப்பா பேனாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அரை மணித்தியாலம் கழிந்தது. கேத்ரின் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். தாளில் வைத்ததும் மை வந்தது.

"நீங்களும் எழுதிப் பாருங்க. எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்கதான் எழுதணும்."

அப்பா எழுதினார். அவர் கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகியவர். நிப்பு அகலமாக விரிந்துகொண்டு முனகியது.

"சேர் எழுதினா வருசம் முழுக்க வெள்ளந்தான்," என்றார் அக்கா.

"மெதுவா அப்பா. இது சோக்குக்கட்டி இல்ல," என்றாள் கேத்ரின். அவருடைய விரலைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் நகர்த்திவைத்தாள். இரண்டாவது முறை மெல்லிய கோடு வந்தது. மூன்றாவது முறையும் எழுதினார். பிறகு காசைக் கொடுத்தார். ஒரு போத்தல் நீல மையும் வாங்கினார்கள்.

வரும் வழியில் செல்லசாமி மாமா ஒரு தாளைக் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தெட்டு எண்கள்.

பகல் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மேசைக்கு வந்தார்கள். அப்பா தாளைப் பார்த்து வாசித்தார். கேத்ரின் எழுதினாள். ஒவ்வொரு வரியும் காயும் வரை ஊதினாள்.

"ஜூன் மூணு. பதினாறு."

"பதினாறு."

"ஜூன் நாலு. ரெண்டு."

"ரெண்டா? அப்ப மெல்லிசா எழுதணும்."

கொப்பித் தாளில் ஒரு தூறல் விழுந்தது. பிறகு ஒரு பெருமழை. பிறகு இரண்டு சாதாரண மழை. அப்பா கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏழாந் திகதிக்கு, "இது இன்னும் கொஞ்சம் தடிப்பா இருக்கலாம்," என்றுகூடச் சொன்னார்.

"ஜூன் பதினொண்ணு. ஒன்பது."

"ஒன்பது."

"ஜூன் பன்னிரண்டு."

அப்பா நிறுத்தினார். அம்மாவை அடக்கம் செய்தது அன்றுதான்.

கேத்ரின் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு," என்றார் அப்பா. "இது பிழை. செல்லசாமி வரி மாறி எழுதிட்டாரு. அன்னைக்கு மழை பெய்யல."

"பெய்ஞ்சிச்சு அப்பா."

"இல்லம்மா. மூணு மணியில இருந்து கல்லறைத் தோட்டத்துலதான் நின்னேன். எல்லாரும் போன பிறகும் நின்னேன். மழை பெய்ஞ்சிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

கேத்ரின் அவரோடு வாதாடவில்லை. ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். நிப்பை 'ம'வின் தொடக்கத்தில் வைத்து அழுத்தினாள். அதன் நுனி கடையில் விரிந்ததைவிட அகலமாக விரிந்தது. கீழே இறங்கினாள். இரட்டைச் சுழியை மெதுவாகச் சுற்றினாள். 'ழ'வின் வாலை அவசரப்படாமல் இழுத்து முடித்தாள். அந்தப் பக்கத்திலேயே தடித்த மழை அதுதான். மை ஈரமாக மினுங்கியது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேத்ரின் இரண்டு முறை ஊதினாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"நீங்க குடைய எனக்கு மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னீங்கப்பா. நான் கொஞ்சங்கூட நனையல."