பிராக்கில் மைனஸ் ஆறு

பிராக் நகரத்துப் பனியில் நின்றுகொண்டிருக்க வேண்டிய ஸ்ரீகாந்த், சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் தன் வீட்டுச் சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தான்.

தலையைச் சுற்றி ரத்தம்.

சமையலறை நிலைப்படியில் அப்படியே நின்றான் றொகான்.

கனவா..? இல்லை. கனவில் இவ்வளவு வியர்க்காது. வெளியே நாற்பத்தொரு டிகிரி. உள்ளே அதற்கும் மேல்.

சற்று முன்புதான், வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ரீகாந்தின் மனைவி வைதேகி காலையில் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தை மறுபடி பார்த்தான். பனி மூடிய பழைய பாலம். பாலத்துச் சிலைகளின் தலையில் வெள்ளைக் குல்லாய். கம்பளிக் கோட்டுக்குள் புதைந்த ஸ்ரீகாந்தும் வைதேகியும். கீழே ஒரு வரி: 'இப்ப பிராக்ல மைனஸ் ஆறு. கை விறைக்குது.'

றொகான் அதற்கு ஒரு சிவப்பு இதயம்கூடப் போட்டுவிட்டுத்தான் இறங்கினான்.

அவன் தொழில், வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்துவது.

உபதொழில், தான் அலாரம் பொருத்திய வீடுகளில் திருடுவது.

திருடன் என்றால் இரவில் சுவரேறிக் குதிப்பவன் என்று நினைப்பவர்கள் சிட்னியின் மேற்குப் புறநகரைப் பார்த்ததில்லை. இரவில் ஒரு நிழல் அசைந்தால் நான்கு வீட்டு நாய்கள் குரைக்கும். பகலில், ஆரஞ்சு மேல்சட்டை போட்டு, ஏணி கட்டிய வேனில் வந்து இறங்குபவனை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. எங்கோ ஏதோ ரிப்பேர் என்று போய்விடுவார்கள்.

சாவி, அலாரம் பொருத்திய அன்றே பிரதி எடுத்தது. அலாரத்துக்கு எண் வேண்டுமே? அதுவும் சுலபம். பெட்டிக்குள் கணவனுக்கு ஓர் எண், மனைவிக்கு ஓர் எண் என்று பதியும்போது, தனக்கும் ஓர் எண்ணைப் பதிந்துவிடுவான். எந்த வீட்டிலும் யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை. இன்றும் கதவைத் திறந்தான், நான்கு இலக்கம் அழுத்தினான், பச்சை விளக்கு எரிந்தது. எப்போதும் போல.

தைப்பூசம் வேறு. தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில். தபால் பெட்டியில் விளம்பரத் தாள்கள் பிதுங்கின. ஏசியின் வெளிப்பெட்டி ஓடவில்லை. இந்த வெயிலில் ஏசி ஓடாத வீட்டில் மனிதர் இருக்க மாட்டார்கள்.

இருந்தார்கள்.

"வாங்க றொகான்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

சாப்பாட்டு மேசையருகே நாற்காலியில் வைதேகி. கையில் விசிறி. முகமெல்லாம் வியர்வை. குரலில் மட்டும் பிராக்கின் பனி.

"ஷூவைக் கழட்டாமலே வந்துட்டீங்க."

"அக்கா... நீங்கள் பிராக்கில எல்லோ..."

"புதன்கிழமையே வந்தாச்சு."

"காலமைதானே படம் போட்டனீங்கள்."

"ஊர்ல இருந்து திரும்பின பிறகுதான் படம் போடணும். எங்க மாமியார் சட்டம். போகும்போதே சொன்னா கண்ணு பட்டுரும். உங்க வீட்ல அப்படிச் சொல்ல மாட்டாங்களா?"

சொல்வார்கள். மன்னாரில் அவன் அம்மா பிலோமினம்மா வாரம் தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். ஆனால் நாவூறு என்னும் கண்ணேறுக்குக் கிறிஸ்தவம், சைவம் என்ற பேதம் கிடையாது. மகள் கர்ப்பமான செய்தியையே ஏழாம் மாதத்தில்தான் வெளியே விட்டாள். அந்த அம்மாவுக்குப் பிறந்து வளர்ந்தவன் ஒரு படத்தை நம்பி வீட்டுக்குள் வந்துவிட்டானே!

"ஆனா 'இப்ப' எண்டு எழுதியிருந்தனீங்கள், அக்கா."

"அந்த வார்த்தை மட்டும் உங்களுக்காக."

றொகானின் கண் தரைக்குப் போனது.

"ஸ்ரீகாந்த் அண்ணைக்கு... என்ன நடந்தது?"

"நீங்க அடிச்சிட்டீங்க."

"நானோ?"

"ஆமா. வீடு காலின்னு நினைச்சு வந்தீங்க. அவர் பார்த்துட்டார். அடிச்சிட்டீங்க. நான் மாடியில ஒளிஞ்சிருந்தேன்." விசிறியை மேசைமேல் வைத்தாள். "திரும்பி வந்துட்டு ஏன் யார்கிட்டயும் சொல்லலைனு போலீஸ் கேக்கும். கண்ணு படும்னு சொல்வேன். தெருவுல எந்தத் தமிழ்க்காரங்களைக் கேட்டாலும் ஆமாம்பாங்க."

றொகானின் கையுறைக்குள் விரல்கள் நனைந்தன.

"நான்தான் வருவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"செவன் ஹில்ஸ்ல எங்க ராதா வீட்டுல திருட்டுப் போச்சே. அவங்க பாலித் தீவுல இருந்து லைவா படம் போட்டவங்க. மாமியார் இல்லாத வீடு. கதவு உடையலை, அலாரம் அடிக்கலை. அலாரம் யார் போட்டதுன்னு கேட்டேன். அப்புறம் எங்க வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வீட்டுல இருக்கறது ரெண்டு பேர். எண் மூணு."

"அவ்வளவு தூரத்துக்கு ஒருத்தரும் போய்ப் பாக்கிறேல்லையே..."

"நான் சாஃப்ட்வேர் டெஸ்டர், றொகான். எவனும் படிக்காத மேனுவலைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அவன் வாசலைப் பார்த்தான்.

"ஓடலாம். ஆனா போலீஸ் கிளம்பியிருக்கும்."

"நீங்கள் இன்னும் போனே எடுக்கேல்லை."

"நீங்கதான் கூப்பிட்டீங்க."

விஷயம் இதுதான். அலாரப் பெட்டியில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. சாதாரண எண்ணை அழுத்தினால் அலாரம் அடங்கும், அவ்வளவுதான். ஆபத்து எண் என்று இன்னொரு வகை இருக்கிறது. யாராவது கழுத்தில் கத்தியை வைத்து 'அலாரத்தை நிறுத்து' என்று மிரட்டினால் அழுத்துவதற்கு. அதை அழுத்தினாலும் அதே பச்சை விளக்குத்தான் எரியும். ஆனால் கண்காணிப்பு நிலையத்துக்குச் சத்தமில்லாமல் 'காப்பாற்றுங்கள்' என்று செய்தி போய்விடும். அங்கிருந்து போலீசுக்கு.

வைதேகிக்கு அவன் எண் எது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வகையை மட்டும் மாற்றினாள்.

"ஏசி ரிப்பேர்னு அவர்கிட்டச் சொன்னேன். ஆள் வருவாங்கன்னும் சொன்னேன்," என்றாள். "உங்க வேன் வந்து நின்னதும் 'வந்துட்டான் பாரு'ன்னு ஜன்னல் பக்கம் திரும்பினார். பின்னந்தலை வசதியா இருந்தது."

மேசையின் மேல் கனமான கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. பட்டை தீட்டிய செக் நாட்டுக் கண்ணாடி. கண்ணாடிக் குழம்பில் ஈயம் சேர்த்தால் மினுமினுப்பு ஏறும். கூடவே எடையும் ஏறும். இது நான்கு கிலோ இருக்கும்.

"பிராக்ல அவரே வாங்கித் தந்தது. துடைச்சிட்டேன். நீங்க கையுறை போட்டிருக்கறது ரொம்ப நல்லது. யார் ரேகையும் இருக்காது."

"நான் இண்டைக்கு வராட்டி?"

"நேத்தும் ஏசியை அணைச்சிட்டு உக்காந்திருந்தேன். நாளைக்கும் உக்காந்திருப்பேன்."

அப்போதுதான் றொகான் அதைப் பார்த்தான்.

ரத்தம் நகர்ந்தது.

தரை ஓடுகளின் இடுக்கு வழியாக மெல்ல ஊர்ந்து வந்து அவன் ஷூவின் நுனியைத் தொட்டது. இதயம் ஒரு பம்பு. பம்பு நின்றால் குழாயில் அழுத்தம் இருக்காது. செத்தவன் இப்படி ஒழுகிக்கொண்டே இருக்க மாட்டான்... ஸ்ரீகாந்தின் மூக்கு நுனியில் ஒரு சிவப்புக் குமிழி ஊதியது. உடைந்தது. மறுபடி ஊதியது.

உயிர் இருக்கிறது!

றொகானின் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. இந்த ஆள் செத்தால் றொகான் கொலைகாரன். பிழைத்தால் வெறும் திருடன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வெறும் திருடனாக இருக்க ஆசைப்பட்டான்.

அவளுக்குத் தெரியக்கூடாது. போலீஸ் வரும்வரை பேச்சை வளர்க்க வேண்டும்.

"அண்ணை அப்பிடி என்ன செய்தவர்?" என்றபடி, கால் துவண்டவன் போல ஸ்ரீகாந்தின் அருகே உட்கார்ந்தான்.

"பிராக்ல ஒரு பழைய கடிகாரம் இருக்கு. மணி அடிக்கும்போது ஒரு எலும்புக்கூடு கயித்தை இழுக்கும். மேல ரெண்டு ஜன்னல் திறந்து பொம்மைங்க வரிசையா வந்து எட்டிப் பார்க்கும். அறுநூறு வருசப் பழசு. எனக்கும் பிடிச்சுது."

"பிறகு?"

"ராத்திரி பன்னெண்டு மணி ஆட்டத்தைப் பார்த்துட்டு வர்றேன்னு போனார். வெள்ளிக்கிழமையும் போனார். சனிக்கிழமையும் போனார். மூக்கு சிவந்து வரலை. கோட்டுல ஒரு பொட்டுப் பனி இல்லை. கீழ ரிசப்ஷன்ல கேட்டேன். பதினோரு மணியோட பொம்மை ஆட்டம் முடிஞ்சிரும் மேடம்னாங்க."

"அப்ப எங்க போனவர்?"

"எங்க ரூமுக்கு ஒரு மாடி மேல. சிட்னியில இருந்தே இன்னொருத்திக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கார். பகல்ல நாங்க பாலத்துல நின்னப்போ ஒரு பொண்ணு ஃபோட்டோ எடுத்துக் குடுத்தா. காலைல நீங்க பார்த்த படம். 'சிரிங்க'ன்னு தமிழ்ல சொன்னா. அவதான்னு தெரியாம நானும் சிரிச்சேன்."

றொகான் கொக்கியில் தொங்கிய துண்டை எட்டி எடுத்தான். ஸ்ரீகாந்தின் பின்னந்தலையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். தலைத் தோலில் ரத்தக் குழாய்கள் அதிகம். வெட்டுப்பட்டாலும் சுருங்காமல் திறந்தபடியே நிற்கும். பார்க்கப் படுபயங்கரமாகக் கொட்டும். ஆனால் அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும்.

"செத்தவருக்கு எதுக்குக் கட்டு?" என்றாள் வைதேகி.

அவன் துண்டை இன்னும் இறுக்கி அழுத்தினான்.

"...மூச்சு இருக்கா?"

அவன் தலை நிமிரவில்லை.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம். ஜாடி மேசையை விட்டுக் கிளம்பும் சத்தம்.

"தள்ளுங்க, றொகான்."

"மாட்டன்."

"ஒரே ஒரு தடவை."

"அக்கா, அவர் உங்கட புருசன்."

"அதனாலதான் கேக்கறேன்."

சேலைத் தலைப்பால் பிடித்த ஜாடி இறங்கியது. றொகான் ஸ்ரீகாந்தின் மேல் கவிழ்ந்தான். அடி அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிவது காதுக்கே கேட்டது. ஆனாலும் துண்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மன்னார் மாதாவே, இந்தச் சனியன் பிழைக்கவேணும்...

இரண்டாவது அடிக்கு ஜாடி உயர்ந்தது.

தெருமுனையில் சைரன்.

வைதேகி நின்றாள். குனிந்து, குழந்தையைக் கிடத்துவது போல ஜாடியை றொகானின் மடியில் வைத்தாள். தலைமுடியை இரண்டு கையாலும் கலைத்தாள். மாடிப்படி நடுவில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு அலறினாள்.

கதவை இடித்துக்கொண்டு வந்த போலீஸ் கண்டது: ரத்தம் தோய்ந்த கையுறையோடு ஒருவன். அவன் மடியில் ஜாடி. அவனுக்குக் கீழே ஒரு மனிதன்.

"நான் இல்லை. இவர் உயிரோட இருக்கிறார். இவரையே கேளுங்கோ." விலங்கு மாட்டும்போது றொகான் திரும்பத் திரும்பச் சொன்னது அவ்வளவுதான்.

கேட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்சுக்குத் தள்ளும்போது ஸ்ரீகாந்த் கண்ணைத் திறந்தான். அழுதபடி ஒட்டிக்கொண்டு நடந்த வைதேகியைப் பார்த்தான். றொகானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இளம் பெண் கான்ஸ்டபிள் குனிந்தாள். "சார், உங்களை அடித்தது யார் என்று தெரியுமா?"

ஸ்ரீகாந்தின் உதடு அசைந்தது. அவன் பார்வை வைதேகியிடமிருந்து நழுவிப் புல்தரைக்குப் போனது.

அங்கே ஊரே நின்றது. மேய்ஸ் ஹில்லிலிருந்து திரும்பிய கூட்டம். நெற்றி நிறைய விபூதியோடு எதிர்வீட்டு வெங்கட்ராமன் மாமா. பிரசாதப் பையோடு ராதா. போன தைப் பொங்கல் விழாவில் ஸ்ரீகாந்துக்கும் வைதேகிக்கும் 'ஆதர்ச தம்பதி' கோப்பையைக் கொடுத்துப் படமெடுத்தவர்கள் எல்லோரும், அதே போனைத் தூக்கிப் பிடித்தபடி.

பெண்டாட்டி அடித்தாள் என்றால் ஏன் அடித்தாள் என்பார்கள். ஏன் என்றால் பிராக். பிராக் என்றால் மேல்மாடி.

ஸ்ரீகாந்தின் விரல் உயர்ந்தது. வைதேகியைத் தாண்டியது. றொகானிடம் நின்றது.

"இவன்தான்."

றொகானுக்குத் தோள் வலிகூட மறந்துபோனது. "அண்ணை... உங்கட உயிரைக் காப்பாத்தினது நான், அண்ணை."

ஸ்ரீகாந்த் அவனைப் பார்க்கவே இல்லை. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவு ரத்தம் போனவனுக்கு அப்படி ஒரு பிடி எங்கிருந்துதான் வந்ததோ!

"அழாதே வைதேகி," என்றான் மெதுவாக. "எதுவா இருந்தாலும்... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் அழுகை சட்டென்று நின்றது. நாற்பத்தொரு டிகிரி வெயிலில் அவளுக்கு உடம்பு நடுங்கியது.

ஆம்புலன்சின் கதவு மூடியது, இருவரையும் உள்ளே வைத்து.

"கடைசியாக உங்கள் மொழியில் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் கான்ஸ்டபிள்.

போலீஸ் காருக்குள் தலையைக் குனிந்து ஏறிய றொகான் சிரித்தான்.

"தீர்ப்புச் சொன்னவர், மேடம். அவவுக்கு ஆயுள் தண்டனை. என்னை எண்டாலும் ஒருநாள் விடுவீங்கள்."