ஆளிருக்கும் வீடு

மீனாம்பிகை கிணற்றடியில் கால் கழுவிவிட்டுக் குசினிக்குள் வந்தபோது, காலையில் உடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன பாதித் தேங்காய் திருவப்பட்டிருந்தது. பூ வெள்ளை வெளேரென்று கிண்ணத்தில் குவிந்திருக்க, கழுவித் துடைத்த திருவலை சுவரோரம் சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலை அவசரத்தில் தானே திருவி வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அந்தப் பூவிலேயே சம்பல் அரைத்துச் சாப்பிட்டாள்.

காலையில் திருவிய பூ பின்னேரத்துக்குள் புளித்திருக்க வேண்டும். புளிக்கவில்லை. கட்டிலில் பாயை விரிக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கார்த்திகை அது. மின்சாரம் போய் வருடங்களாகிவிட்டன. சண்டிலிப்பாயில் அவள் இருந்த வீடு கனடாவுக்குப் போனவர்களுடையது. கதிரை, அலுமாரிகளை ஓர் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, மிச்சத்தை அவளிடம் விட்டுப் போயிருந்தார்கள். அவள் கொழும்பில் உளவியல் படித்து அங்கேயே படிப்பித்தவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடையோடு கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினாள். அம்மா இருக்கும்வரை ஒரு வீடு இருந்தது. அம்மா போனபிறகு கூரைகள்தான் மாறிக்கொண்டிருந்தன. பின்னேரம் சுன்னாகத்தில் வேலை முடிந்து “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினால், மறுநாள் காலை வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

சுன்னாகத்தில் ஒரு சின்னக் கட்டிடத்தில், களவு கொடுத்தவர்கள், அடிபட்டவர்கள், கண்முன்னே ஆளைப் பறிகொடுத்தவர்கள் வந்து கதைப்பதை அவள் கேட்பாள். கேள்வி கேட்டு நெருக்குவதில்லை. அவர்களாக வாய் திறக்கும்வரை பேசாமல் இருப்பதுதான் அவளுடைய முறை. அந்த வருடம் ஒரு விசயம் அவளை விடாமல் பிடித்திருந்தது. தனியாக இருந்த இரண்டு பெண்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடந்தார்கள். நகை போகவில்லை. உடம்புக்கு வேறு கெடுதி செய்யப்படவில்லை. ஒன்றையும் எடுக்காதவன் எதற்காக வந்தான்? அவள் கட்டிலில் கிடந்து அதைத்தான் யோசிப்பாள்.

அடுத்தடுத்த நாட்களில் குடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. மழைக்குப் பயந்து உள்ளே அள்ளிப் போட்ட சேலைகள் கரை பிசகாமல் மடிந்திருந்தன. ஒருநாள் விளக்குத் திரிகூட வெட்டிச் சீராக்கப்பட்டிருந்தது. களைத்த மனம் செய்ததை மறக்கும் என்று தனக்குத்தானே பாடம் எடுத்தாள். ஆனாலும் வீடு திரும்பும்போது சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்தாள். இன்றைக்கு என்ன செய்திருக்கும் என்று ஓர் ஆவல். அதை ஆவல் என்று அவள் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

மழை நன்றாக இறங்கிய ஒரு நாள் லூர்த்தம்மா வந்தாள். குருநகர்க்காரி. செல்லடிக்கும் குண்டுவீச்சுக்கும் பயந்து சுன்னாகத்துப் பக்கம் உறவினர்களின் வெறும் வீடொன்றில் தனியே இருந்தவள். கழுத்தை நெரித்தவனிடமிருந்து தப்பியவள் அவள் ஒருத்திதான். நெருப்புக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டுக்கொண்டு வந்ததால் அவன் விட்டுவிட்டு ஓடியிருந்தான். அதன்பிறகு அவளுக்குக் குரல் திரும்பவில்லை. வெறும் மூச்சாகத்தான் கதைத்தாள். தகரக் கூரையில் கொட்டிய மழைக்குள் மீனாம்பிகை காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

“முதல் தண்ணி அள்ளி வைச்சான் பிள்ளை. பிறகு உடுப்பு மடிச்சான். நான் பக்கத்து வீட்டுப் பெட்டை எண்டு நினைச்சன்.”

மீனாம்பிகையின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

“அவள் இல்லை எண்டு தெரிஞ்சாப்பிறகும் ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

லூர்த்தம்மா சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

“அவர் கடலுக்குப் போய் வராமல் விட்டாப்பிறகு, என்ரை கையைத் தவிர வேறை கை என்ரை வீட்டுச் சட்டியைத் தொட்டதில்லை. சொன்னால் அவனைப் பிடிச்சுப்போடுவினம். பிறகு ஆர் வரும்?”

“பிறகு?”

“ஒருநாள் நானே கூப்பிட்டன். ஆரெண்டாலும் வாரும், வந்து சாப்பிடும் எண்டன். நாங்கள் கூப்பிடுறவரைக்கும் அவன் தொடமாட்டான், பிள்ளை. காத்துக்கொண்டு இருப்பான். கூப்பிட்டன், வந்தான்.” கண் கலங்க மீனாம்பிகையை உற்றுப் பார்த்தாள். “ஏன் முகம் வெளிறிப்போச்சு? உங்கடை வீட்டிலையும்…?”

“சீச்சீ, இல்லை அக்கா.”

சைக்கிளில் பாதி வழி வந்தபிறகுதான் தான் பொய் சொன்னது அவளுக்கு உறைத்தது. மழைத் தண்ணீர் முகத்தில் அடிக்க, புகையிலைத் தோட்டங்களின் ஈர மண் வாசனைக்குள், அவன் யாரென்று அவள் முதன்முறையாக விளங்கிக்கொண்டாள். தனித்திருக்கும் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு, அவளாக வாய் திறக்கும்வரை பேசாமல் காத்திருக்கிற ஒருவன். தன்னைப்போல.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அடுத்த வீட்டு வளவுக்குப் போனாள். தோட்டக்காரர் நமசிவாயம் தாழ்வாரத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

“நமசிவாயம் அண்ணை, நான் இல்லாத நேரம் எங்கடை வீட்டுப் பக்கம் ஆரையும் கண்டனீங்களோ?”

“ஏன் ரீச்சர், உங்கடை சொந்தக்காரர் ஒராள் வந்து நிக்கிறாரல்லோ? நீங்கள் வரமுதலே குசினியிலை புகை வரும். இனியெண்டாலும் ரீச்சருக்கு ஒரு ஆளிருக்கு எண்டு என்ரை மனுசி பராசக்தியோடையும் சொன்னனான்.”

“ஆளைப் பார்த்தனீங்களோ?”

“ஓம், வேலியாலை முதுகு தெரியும். கதைக்கமாட்டார்.” அவள் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “ஏன் ரீச்சர்?”

லாந்தரோடு இருவரும் வீடு முழுவதும் தேடினார்கள். பூட்டிய அறையின் பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. கூரை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், ஒரு மூலை மிச்சமில்லை. ஒருவரும் இல்லை. அடுப்பில் மட்டும் சாம்பல் இளஞ்சூடாக இருந்தது. நமசிவாயம் அதில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். “இனி நீங்கள் இஞ்சை படுக்க வேண்டாம். எங்களோடை வந்து இருங்கோ.”

பராசக்தி தன் பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அவளுக்குப் பாய் விரித்தாள். அன்பான வீடு. சிரிப்பும் சண்டையுமாய், ஒரு சட்டிச் சோற்றை ஆறு பேர் பகிர்ந்து உண்ணும் வீடு. அவள் உள்ளே வந்தால் சிரிப்பு அடங்கும். பெரிய மீன் துண்டு அவளுக்கு வரும். “ரீச்சருக்குத் தலையணை குடு” என்பார்கள். இருட்டில், பக்கத்தில் உறங்கும் பிள்ளைகளின் மூச்சைக் கேட்டபடி, தன் வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்குமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, மழை விட்டு இருட்டிவரும் ஒரு மைம்மல் பொழுதில், “கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தாள்.

“விளக்கை அவரிட்டைக் குடுத்து விடுறன், நில்லுங்கோ ரீச்சர்” என்று பராசக்தி பின்னால் கூப்பிட்டாள்.

“வேண்டாம். இப்ப வந்திடுவன்.”

வீடு அவள் விட்டபடியே கிடந்தது. தேநீர் குடித்த பேணியில் எறும்பு செத்து ஒட்டியிருந்தது. குடம் வெறுமை. சீமெந்துத் தரையில் மெல்லத் தூசி படிந்திருந்தது. அதில் அவளுடைய செருப்பின் ஈரத் தடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. போய்விட்டான். தேடியதைக் கண்டு பயந்து, வேறெங்கோ, வேறு யாருடைய வீட்டுக்கோ போய்விட்டான்.

நிம்மதி வரும் என்று நின்றாள். வரவில்லை.

செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் ஏறிக் கால்களை மடித்து உட்கார்ந்தாள். செருப்பு இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்க் கிடந்தன. தாழ்வாரத்தில் நீர் சொட்டியது. பூட்டிய அறையின் பழைய மர வாசனை. யன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. அடுத்த வளவில் பிள்ளைகள் எதற்கோ பெரிதாகச் சிரித்தார்கள். அவள் இல்லாததால் அப்படிச் சிரித்தார்கள்.

எழும்பிப் போ. அவள் தனக்குச் சொன்னாள். சட்டையை எடு. போ.

எழும்பவில்லை.

தொண்டைக்குள் ஒன்று திரண்டது. அதை அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரின் வாயில் அது திரள்வதை எதிரே இருந்து பார்த்திருக்கிறாள். பல்லைக் கடித்தாள். கையால் வாயைப் பொத்தினாள். கை தானாக இறங்கியது.

“இருக்கிறீரோ?”

அவளுடைய குரல்தான். சின்னக் குரல்.

சொட்டுச் சத்தம். இன்னொன்று.

“ஓம்.”

மிக அருகில். கீழே. அவள் இருந்த பலகைக்கு நேர் கீழே.

கத்த வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

கட்டிலடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அவசரமில்லை. தரையைத் தடவிச் செருப்பொன்றைக் கண்டுபிடித்தது. எடுத்து, பெருவிரலால் சேறு துடைத்து, கட்டிலோரம் வைத்தது. மற்றதையும் தேடி எடுத்து, அதன் பக்கத்தில், நுனியோடு நுனி பொருந்த, ஒட்டி வைத்தது.

பிறகு உள்ளே போகவில்லை. செருப்புகளுக்கு அருகே, உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்து கிடந்தது.