நாக்கில் கூராக்கிய பிரஷ்

மதியம் வீட்டுக்குப் போய்க் குழந்தைக்கு ஊட்டிவிட்டுத் திரும்பிய வேல்விழி பார்த்தபோது, பீங்கான் மூளையின் வெள்ளைப் பகுதியில் கறுப்பு நட்சத்திரங்கள் புதராக மண்டிக் கிடந்தன. காலையில் அவள் அங்கே வரைந்தது மெல்லிய நூல்களைத்தான்.

பாடம் நடத்தும் மாதிரிக்காக, விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறைக்கு ஒரு மருத்துவக் கல்லூரி கொடுத்த வேலை அது. மூளையிலுள்ள நட்சத்திர வடிவ செல்கள் எல்லா இடத்திலும் ஒரே அச்சாக இருப்பதில்லையாம். மேலே சாம்பல் பகுதியில் புதராகக் கிளைக்கும். உள்ளே வெள்ளையில் நூலாக நீளும். சிறுமூளையில் சீப்புப் பல் மாதிரி வரிசைகட்டும். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் விலகல். கல்லூரி கொடுத்த படம் சுவரில் ஒட்டியிருந்தது.

"என்னாம்மா இது, வெள்ளையில போயி இப்பிடி அப்பி வச்சிருக்க?" பட்டறைக்காரர் பக்கிரிக்குக் கோபம்.

"நான் வரையலைங்கண்ணே."

"பின்ன, அதுவா மொளச்சுதா? சொரண்டிட்டு ஒழுங்கா போடு." அவர் சூளைப் பக்கம் போய்விட்டார்.

சுரண்டினாள். சுட்ட பீங்கானில் கத்தி கிரீச்சிட வேண்டும். இதிலோ ஆடைகட்டிய பாலில் இறங்குவது போல சத்தமில்லாமல் இறங்கியது, நுனியில் ஏதோ வழவழவென்று இழை இழையாகத் தொங்கியது, அதிலிருந்து கறிக்கடைச் சாக்கடையின் வாடை கிளம்பி அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சீ! இழை ஒன்று தானாகச் சுருண்டு கிளை விட்டது.

கத்தியை வீசினாள். புறங்கையால் வாயைத் துடைத்தபோதுதான் உறைத்தது. காலை முழுக்க, அந்த மையில் தோய்த்த பிரஷை நாக்கில் வைத்துத்தானே கூராக்கினாள்? பட்டறையில் எல்லாரும் செய்வதுதான்.

நாக்கைப் பல்லால் வருடினாள். சொரசொரப்பு. அது அசைந்தது.

துப்பினாள். மறுபடி துப்பினாள். எச்சில் இழை அறுபடவில்லை.

குழந்தை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. மதியம் இட்லியைத் தன் வாயில் மென்று, மசித்துத்தான் ஊட்டியிருந்தாள்.

போன் அடித்தது. வீடியோ கால். மாமியார் பானுமதி.

"வேலு, பாப்பா தொறந்த வாய மூட மாட்டேங்குது. நாக்குல என்னமோ இருக்குது, பாரேன்."

திரையில் குழந்தையின் வாய். நாக்கு நுனியில் புதர். பின்னால் நூல். தொண்டைக்குள் நீளமாக. இன்னும் பல் முளைக்காத ஈறில், கறுப்பாக, வரிசையாக.

குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. ஈறிலிருந்த வரிசை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.