எலி ஓடவில்லை

குசினி வாசலுக்கு வெளியே, பூனையின் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, எலி தன் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பூனைதான் கொஞ்சம் தயங்கியது. பிறகு எலும்பு நொறுங்கும் மெல்லிய சத்தம். ஹுஸ்னியா ஏழு மாத வயிற்றை அணைத்தபடி கதவை அடித்துச் சாத்தினாள்.

காலையில் கிளினிக்கில் டொக்டர் சொன்னது இப்போதுதான் உறைத்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமி; பூனையின் குடலில் பெருகி, மண்ணில் விழுந்து, புல்லோடு ஆட்டுக்குள் போய், ஈரலிலும் சதையிலும் கூடு கட்டிக் காத்திருக்குமாம். எலியின் மூளைக்குள் போனால் பூனைப் பயத்தையே எடுத்துவிடுமாம். அது அவளுடைய இரத்தத்திலும் இருந்தது. பிள்ளைக்கும் போயிருக்கிறதா என்று நாளைக்குத்தான் பார்ப்பார்கள்.

"இந்தாங்க மகள், சூட்டோட தின்னுங்க."

மாமி நஜ்முன் நிஸா நீட்டிய கோப்பையில், தணலில் ஒரு புரட்டுப் புரட்டிய ஆட்டீரல். வெட்டிய இடம் இன்னும் சிவப்பு. பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் ஊறவென்று மாதக்கணக்காக மாமி ஊட்டியது.

"மாமி, இதுலதான் கிருமியாம்."

"பூனைக்கிருமி எண்டுதானே டொக்டர் சென்னார். பூனைய இப்பதான் விரட்டிட்டு வாறன். இனி ஊரு ஆட்டையெல்லாம் விரட்டவா?"

"பகலையிலிருந்து புள்ள அசையல்ல மாமி."

மாமியின் சிரிப்பு நின்றது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். "இரிங்க, ஓட்டோ பிடிச்சிட்டு வாறன்," என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. கடற்காற்றில் டீசலும் கருவாடும் மணத்தன; அவற்றுக்கடியில் கதவிடுக்கு வழியாகப் பூனை மூத்திர நெடி. அது அவளுக்கு நாறவில்லை. இன்னும் முகரவேண்டும் போலிருந்தது.

வெளியே பூனை திரும்பி வந்து கத்தியது.

உள்ளே பிள்ளை உதைத்தது.

உயிர் இருக்கிறது. அவள் அழுதாள். பூனையின் சத்தம் மதிலோரமாகத் தள்ளிப் போனது. வயிறு கல்லானது. தடவினாள். தட்டினாள். "ஒருக்கா அசைங்க வாப்பா. ஒரேயொருக்கா." இல்லை. ஓட்டோச் சத்தமும் இல்லை.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

"வா," என்றாள். "வா, வா."

பூனை வந்தது. மடியில் ஏறியது. வாயில் எலி வால் ஒட்டியிருந்தது. பயம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் குதிகால் புடைத்தெழுந்தது. உள்ளே போகவில்லை. மெல்ல நகர்ந்து, பூனை வாய் திறந்த இடத்துக்கு நேராக வந்து நின்றது.